கீறலுக்கு யார் பொறுப்பு?



திருமண வீட்டிற்குப் பாத்திரங்கள் வாடகைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அண்டா இத்தனை, தவலை இத்தனை என்று எண்ணிக் கொடுப்பார்கள். ஒடுக்கு விழுந்தவற்றைத் தனியே காட்டிவிடுவார்கள். திரும்பப் பெறும்போதும் அவ்வாறே. அடுப்பில் ஏற்றியதால் அடி கறுத்துவிட்டதென்று எவரும் பணம் கேட்பதில்லை. அஃது வாடகையிலேயே அடங்கியதன்றோ?

நாமே ஓட்டிச் செல்லும் பொருட்டு மோட்டார் வண்டியை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் இப்பொழுது நம் நகரங்களிலும் பரவியுள்ளது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துத் தாங்கிய வண்டிகள் அவை. பாத்திரக்கடையின் ஒழுங்கு இங்கே பல வேளைகளில் காணாமற்போய்விடுகிறது.

கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் என் தம்பியின் பேரன், தோழர் மூவருடன் ஏற்காட்டுக்கு அத்தகைய வண்டியொன்றில் சென்றுவந்தான். ஒப்படைத்தபோது பின்புறப் பம்பரில் விரல் நீளக் கீறல் ஒன்றைக் காட்டி, முன்பணம் 5,000 ரூபாயையும் நிறுத்திக்கொண்டார்கள். கீறல் முன்பே இருந்தது என்றான் இவன். இல்லை என்றார்கள் அவர்கள். புறப்படுமுன் எடுத்த புகைப்படம் ஒன்று இருந்தது. அதில் நால்வரும் புன்னகையுடன் நிற்கிறார்கள்; கீறல் இருக்கவேண்டிய இடத்தை ஒருவனுடைய கால் மறைத்துக்கொண்டிருக்கிறது! பழுதுபார்த்த ரசீதைக் காட்டுமாறு இவன் பன்முறை கேட்டபின் 2,500 ரூபாய் திரும்பிவந்தது. ரசீது வரவில்லை. எஞ்சிய தொகை ஒரு மாதத்து விடுதிச் சாப்பாட்டிற்கு வைத்திருந்த பணம்.

சட்டம் என்ன சொல்கிறது? பிறர் பொருளைப் பெற்றவர், விவேகமுள்ள சாதாரண மனிதர் தம் பொருளிடத்துக் காட்டும் கவனத்தையே அதனிடத்தும் காட்டவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. அவ்வாறு காத்தும் சேதம் நேர்ந்தால், தனி உடன்படிக்கை இல்லாதபோது அவர் பொறுப்பாளியல்லர் என்பது 152ஆம் பிரிவு. ‘தனி உடன்படிக்கை’ என்ற சொற்களை ஊன்றி நோக்குங்கள். நாம் படியாமற் கையொப்பமிடும் தாள் அதுவே. ஆயினும் அத்தாளில் அபராதமாகக் குறித்த தொகையை அப்படியே வசூலித்துவிட முடியாது. அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே 74ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நட்டத்திற்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தை விதிப்பது நேர்மையற்ற ஒப்பந்தமாகக் கருதப்படலாம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது.

உரிமையாளர் அனைவரும் வஞ்சகர் என்று சொல்ல வரவில்லை. முன்பின் அறியாதவர் கையில் நாள்தோறும் வண்டியைக் கொடுப்பவருக்கும் கவலை உண்டு.

வண்டியைப் பெறும்போதே, பகல் வெளிச்சத்தில் உரிமையாளரின் ஆளுடன் ஒருமுறை சுற்றிவாருங்கள். நாற்புறமும், சக்கர விளிம்புகளும், கண்ணாடியும், பம்பரின் அடிப்பகுதியும் படத்தில் விழட்டும். கண்ட கீறல்களைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். ஒப்படைக்கும்போதும் இதையே செய்யுங்கள். படத்தில் நீங்கள் நிற்க வேண்டியதில்லை.