தான் மட்டும் திருந்தினால் போதுமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு சமூகம் மாறுவது எப்படி என்பதாகும். இதில் வெகுகாலமாக இரண்டு விதமான அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. ஒரு கூட்டத்தார், "ஒவ்வொருவனும் தன்னைத் தான் திருத்திக்கொண்டால் போதும், ஊர் தானாகத் திருந்திவிடும்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "அதெல்லாம் சாமியார் பேச்சு, சர்க்கார் ஒரு சட்டம் போட்டு நாலு பேரைத் தண்டித்தால் எல்லாம் சரியாய்விடும்" என்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கூட்டத்தாரும் ஒரு காரியத்தை மறந்துவிடுகிறார்கள். மாறாதவன் ஏன் மாறவில்லை என்பதை அவன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் அந்தக் காரியம்.

இதை வெறும் உபதேசமாகச் சொல்லாமல், உலகத்தில் நடந்த சங்கதிகளைக் கொண்டே யோசித்துப் பார்ப்போம்.

சீன தேசத்தில் ஏறக்குறைய ஆயிரம் வருஷ காலமாகப் பெண் குழந்தைகளின் காலைக் கட்டும் வழக்கம் இருந்து வந்தது. ஐந்தாறு வயதுக் குழந்தையின் கால் விரல்களை உள்ளங்காலோடு மடக்கி, துணியால் இறுக்கி, கால் வளராமல் செய்துவிடுவார்கள். குழந்தை வலி தாங்காமல் அலறும். இதைச் செய்தவள் யார்? பெரும்பாலும் பெற்ற தாய்தான். அவள் என்ன ராட்சசியா? தன் காலும் அப்படியே கட்டப்பட்டு, அந்த வலியை அநுபவித்தவள்தான். பின் ஏன் கட்டினாள்? கட்டாத காலுள்ள பெண்ணை மரியாதையான குடும்பத்தார் யாரும் கொள்ளமாட்டார்களே என்ற பயந்தான் காரணம். தன் பெண்ணுக்கு நல்ல வாழ்வு வேண்டும் என்ற ஆசையே அவள் கையில் அந்தத் துணியைக் கொடுத்தது. 17ஆம் நூற்றாண்டில் மஞ்சு அரசர்கள் இதற்குத் தடை உத்தரவு போட்டுப் பார்த்தார்கள். அது பலிக்காமல் போகவே கைவிட்டுவிட்டார்கள்.

பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இயற்கைக் கால் சங்கங்கள் தோன்றின. 1895இல் ஷாங்காய் நகரத்தில் ஏற்பட்ட சங்கம் அவற்றில் பேர்பெற்றது. இத்தகைய சங்கங்களில் பலவற்றில் சேர்ந்த குடும்பத்தார் இரண்டு வாக்குறுதி கொடுத்தார்கள். ஒன்று, தங்கள் பெண்ணுக்குக் கால் கட்டுவதில்லை என்பது. இரண்டாவது, கால் கட்டிய பெண்ணைத் தங்கள் பையனுக்குக் கொள்வதில்லை என்பது. இந்த இரண்டாவது வாக்குறுதியின் அருமையை நன்றாகக் கவனியுங்கள். முதல் வாக்குறுதியை மாத்திரம் ஒரு தாய் தனியே கொடுத்தால், அவள் பெண் கலியாணமில்லாமல் நிற்க வேண்டியதாகும். இரண்டாவதையும் நூறு குடும்பங்கள் சேர்ந்து கொடுத்தால் அந்தப் பயத்துக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. டிங்சியன் என்ற வட்டாரத்தில் எடுத்த கணக்கின்படி, 1890க்கு முன் பிறந்த பெண்களில் 100க்கு 99 பேருக்குக் கால் கட்டியிருந்தது. 1919க்குப் பின் பிறந்த பெண்களில் ஒருத்திக்குக்கூட இல்லை. இதற்குக் கல்வியும், புதிய ஆட்சியும், பொருளாதார மாறுதலும் உதவின என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் ஆயிரம் வருஷத்து வழக்கம் ஒரு தலைமுறைக்குள் ஒரு வட்டாரத்தை விட்டே ஓட முடியும் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

இதே மாதிரி, கலியாணத்தையும் மானத்தையும் சாக்காக வைத்துப் பெண்ணின் உடலை வதைக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவின் பல பாகங்களிலும் உண்டு. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் ஒரு பகுதியை அறுத்து எடுத்துவிடுவதே அது. இதனால் ரத்தம் போவதும், புண் சீழ்பிடிப்பதும், பின்னால் பிரசவத்தில் ஆபத்து நேருவதும் சகஜம். கென்யாவில் மேரு என்ற ஜில்லாவில், 1956இல், வெள்ளைக்கார சர்க்காரின் ஆதரவோடு மூத்தோர் சபையார் இதற்குத் தடை போட்டார்கள். பெண்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. நடந்தது என்ன? பெண்பிள்ளைகளே சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் ஒருவருக்கொருவர் அறுத்துக்கொண்டார்கள். "என்னை நானே அறுத்துக்கொள்வேன்" என்று பொருள்படும் பெயரே அவர்களுக்கு ஏற்பட்டுவிட்டது. மூன்று வருஷத்தில் 2,400க்கு மேற்பட்ட பேர் மீது வழக்குப் போட்டார்கள். தங்களை வதைக்கும் கத்தியையே தங்கள் உரிமையாக நினைக்கும்படி அந்தப் பெண்களைச் செய்தது எது? கேளாமல் போட்ட உத்தரவல்லவா?

இனி அதே ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள செனகல் தேசத்தைப் பாருங்கள். அங்கு 1991இல் டோஸ்டான் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டு, கிராமத்துப் பெண்களுக்கு அவரவர் பாஷையிலேயே எழுத்து, கணக்கு, சுகாதாரம், மனித உரிமை முதலியவைகளைச் சொல்லிக்கொடுத்து வந்தது. அந்த வகுப்புகளில் பெண்கள் வாய் திறந்து பேசப் பழகினார்கள். மாலிக்குண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்து, 1997ஆம் வருஷம் ஜூலை 31ந் தேதி, பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில், இனித் தங்கள் ஊரில் அந்த வழக்கம் கிடையாது என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். உடனே அக்கம்பக்கத்து ஊரார் அவர்களைத் தூற்ற ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கேர் சிம்பாரா என்ற கிராமத்தின் இமாம் டெம்பா தியாவாரா என்பவர் முன்வந்தார். "மதத் தலைவராயிற்றே, அவர் எங்கே மாறப்போகிறார்!" என்று நம்மவர்களில் சிலர் நினைக்கக்கூடும். அவரும் முதலில் இந்தப் பேச்சையே விரும்பாதவர்தான். ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை நம் நாட்டு மடாதிபதிகளில் எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். அவர் பெண்களிடம் போய்க் கேட்டார். வைத்திய விஷயம் தெரிந்தவர்களிடமும் விசாரித்தார். கேட்டறிந்த பின் தம் மனதை மாற்றிக்கொண்டார்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஒரு ஊர் மாத்திரம் வழக்கத்தை விட்டால் அந்த ஊர்ப் பெண்களைக் கொள்வார் யார் என்ற கேள்வியைக் கேட்டார். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் அத்தனையும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்று கண்டு, தம் உறவினர் ஒருவருடன் சுமார் பத்துக் கிராமங்களுக்குப் போனார். போகுமுன் சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று யாருக்கும் உத்தரவிடுவதில்லை. தங்கள் ஊரிலும் மாலிக்குண்டாவிலும் நடந்ததையும் அதன் காரணத்தையும் மட்டும் சொல்லி, முடிவை அவர்களுக்கே விட்டுவிடுவது. பச்சையான வார்த்தைகளைச் சொல்லாமல் "அந்த வழக்கம்" என்று மாத்திரம் சொல்வது. பயமுறுத்தும் படங்களைக் காட்டுவதில்லை. இப்படிப் போய்ப் பேசியதன் பலனாக, 1998 பிப்ரவரியில் டியாபுகு என்ற ஊரில் 13 கிராமத்தார் கூடி, எல்லோருமாக அந்த வழக்கத்தை விட்டுவிடுவதென்று தீர்மானித்தார்கள். இதற்குப் பின், 1999இல்தான் சர்க்கார் சட்டம் வந்தது. பிற்பாடு ஆயிரக்கணக்கான கிராமங்கள் இவர்களைப் பின்பற்றின.

இதனால் அந்த வழக்கம் செனகலில் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல நாம் வரவில்லை. அங்கு இன்றும் வயது வந்த பெண்களில் பலர் அறுக்கப்பட்டவர்களாக இருக்கிறார்கள். தீர்மானம் செய்த ஊரில் எல்லோரும் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்பதும் நிச்சயமில்லை. ஆனாலும் வழி எது என்பது தெரிந்துவிட்டதல்லவா?

இங்கே ஒரு சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "அப்படியானால் கொடுமை செய்கிறவன் சொல்வதையெல்லாம் அடிபடுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டுமோ?" என்று கேட்பீர்கள். ஒருக்காலும் இல்லை. கேட்கவேண்டிய கடமை முதலில் மேலே இருப்பவனுக்குத்தான். அங்கே இமாம் பெண்களைக் கேட்டார். பெண்கள் இமாமின் உபதேசத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆண் பெண்ணிடமும், மேல்ஜாதியான் என்று சொல்லிக்கொள்பவன் தாழ்த்தப்பட்டவனிடமும், முதலாளி தொழிலாளியிடமும் போய்க் கேட்க வேண்டும். மேலும், கேட்பது என்பதற்கு ஒப்புக்கொள்வது என்று அர்த்தமில்லை. வைத்தியன் நோயாளியின் பேச்சைக் கேட்பது வியாதிக்குச் சம்மதம் தெரிவிக்கவா? அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தானே!

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. வரதட்சணை போய்விட்டதா? பெண்ணைப் பெற்றவனைக் கேட்டால், "எனக்கும் பிடிக்கவில்லைதான், கொடுக்காவிட்டால் யார் கட்டுவான்?" என்கிறான். பிள்ளையைப் பெற்றவனைக் கேட்டால், "நான் வாங்காவிட்டால் பையனுக்கு ஏதோ குறை என்பார்களே" என்கிறான். இருவர் வாயிலும் பயம் ஒன்றுதான். ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு ஒருவனைக் கண்டு ஒருவன் பயப்படும் வரையில் இந்த வழக்கத்துக்குச் சாவில்லை. சீனத்துக் குடும்பங்கள் செய்ததுபோல, கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை, வாங்குகிற வீட்டில் சம்பந்தம் செய்வதுமில்லை என்று ஒரு தெருவில் பத்து வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். பதினோராவது வீட்டானுக்குத் தைரியம் தானே வரும்.

ஆகவே தோழர்களே! முதலில் நம்மை நாம் மாற்றிக்கொள்வோம். ஆனால் "நான் யோக்கியன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட வேண்டாம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வீடுகளுக்கு நடந்து போங்கள். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பொறுமையாய்க் கேளுங்கள். அந்தப் பயத்தைப் போக்க நீங்கள் என்ன வாக்குக் கொடுக்க முடியும் என்று யோசித்து, அதைக் கொடுங்கள், கொடுத்தபின் காப்பாற்றுங்கள். நாம் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்று நடக்கும்படிக் கேட்டுக்கொண்டு, இத்துடன் நம் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.