பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் காரியதரிசி என்னைப் பேச அழைத்தபோது, "ஸார், நீங்கள் சர்வீஸில் எத்தனையோ விசாரணை நடத்தினவர். பொய் சொல்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கத்தினர்களுக்கு நாலு வழி சொல்லுங்கள்" என்றார். சொல்கிறேன். ஆனால் நாம் எல்லோரும் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் சில வழிகளை முதலில் கழித்துவிட வேண்டும்.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது பழமொழி. பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான், நெளிவான், எச்சில் விழுங்குவான், குரல் கம்மும் என்று சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். நாம் மட்டும் இப்படி நம்பவில்லை. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 58 நாடுகளில் ஜனங்களிடம், "ஒருவர் பொய் சொல்வதை எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்?" என்று கேட்டார்கள். மிக அதிகமாக வந்த பதில், "கண்ணைப் பார்க்க மாட்டான்" என்பதுதான்.

அதே 2006-ல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை நடந்திருந்த பரிசோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் பேசுவதைப் பார்த்தும் கேட்டும் மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் மொத்தம் 24,000 பேருக்கு மேல். சராசரியாக 100-க்கு 54 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடுமே! போலீஸ் போன்ற உத்தியோகத்தில் பழகியவர்களும் மற்றவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை.

காரணம் கடினமானதல்ல. நான் காலேஜில் படித்தது ரசாயனம். நீல லிட்மஸ் காகிதம் சிவந்தால் அங்கே அமிலம் இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். பொய்க்கு அப்படி ஒரு லிட்மஸ் கிடையாது. முகம் காட்டுவது பயத்தை. பொய் சொல்கிறவனுக்கும் பயம் வரும். உண்மை பேசியும் நம்பமாட்டார்களோ என்று நினைப்பவனுக்கும் பயம் வரும்.

இந்த ஆசை ரொம்பப் பழையது. நம் தர்மசாஸ்திரங்களில் சொல்லியிருக்கும் திவ்யப் பரீட்சைகளில் ஒன்று, சந்தேகப்பட்டவனை அரிசியை மென்று துப்பச் சொல்வது. பயத்தில் வாய் உலர்ந்துபோகும் என்பது அதற்கு இன்று நாம் சொல்லக்கூடிய விஞ்ஞானக் காரணம். நிரபராதிக்கும் உலருமே! 1921-ல் அமெரிக்காவில் ஜான் லார்சன் உருவாக்கிய கருவியிலிருந்து வளர்ந்த பாலிகிராஃப் யந்திரமும் மூச்சு, ரத்த அழுத்தம், வியர்வை இவற்றைத்தான் அளக்கிறது. அரிசிக்குப் பதிலாக மின்சாரம். அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவர் 1986-லும் 1991-லும் இந்தப் பரிசோதனையில் தேறிவிட்டார். 1994-ல்தான் பிடிபட்டார். அவர் சம்பளத்துக்குப் பொருந்தாத வீடும் காரும் வங்கிக் கணக்கும் சொல்லிய உண்மையை யந்திரம் சொல்லவில்லை.

நம் தேசத்தில் சுப்ரீம் கோர்ட் 2010 மே மாதம் செல்வி வழக்கில், ஒருவருடைய சம்மதம் இல்லாமல் நார்கோ பரிசோதனை, பாலிகிராஃப், மூளை அலைப் பரிசோதனை எதுவும் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்துகொண்டாலும் அந்த முடிவே சாட்சியம் ஆகாது என்றும் சொன்னது.

முகத்தை நம்புவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று காணாமற்போயிற்று. வீட்டு வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், திக்கினாள், அழுதாள். "திருடாதவள் ஏன் நடுங்கணும்?" என்று அந்த மாமி சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அவளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பகுதியில் வேறு யாரும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து நவராத்திரிக்குக் கொலுப் பெட்டியைத் திறந்தபோது, செட்டியார் பொம்மையைச் சுற்றியிருந்த துணிக்குள் சிமிழ் இருந்தது. அதற்குள் அந்தப் பெண் ஊரைவிட்டே போயிருந்தாள். பிழைப்பே மாதச் சம்பளத்தில் தொங்குகிறவளுக்குக் கேள்வி கேட்டாலே நடுக்கம்தான் வரும்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் கடைசிப் பதினைந்து வருஷங்கள், 1965-ஆம் வருஷத்து சிவில் சர்வீஸ் விதிகளின்படி நடக்கும் இலாகா விசாரணைகள் பல என்னிடம் வந்தன. எல்.டி.சி. விவகாரம் ஒன்று. குடும்பத்தோடு கன்னியாகுமரி போய்வந்ததாக ஒரு வடக்கத்தி ஊழியர் பணம் பெற்றிருந்தார். அப்படி ஒரு நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. என் கண்ணையே பார்த்துப் பேசினார். ரயில் நம்பர், தேதி, தங்கின இடம் எல்லாம் மடமடவென்று வந்தன. "விவேகானந்தர் பாறைக்குப் போனீர்களா?" என்று கேட்டேன். "போகாமல் இருப்போமா ஸார்?" என்றார். "எப்படிப் போனீர்கள்?" என்றேன். "டாக்ஸிதான். வாசலிலேயே இறக்கிவிட்டான்" என்றார். கடலுக்கு நடுவே இருக்கும் பாறைக்கு!

நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பதிலை வைத்து நான் தீர்மானம் செய்யவில்லை. மறதியாக இருக்கலாம், வேறு இடத்தோடு குழப்பியிருக்கலாம். ரயில்வேக்கு எழுதிக் கேட்டோம். டிக்கெட்டுகளை ரத்து செய்து பணம் திரும்ப வாங்கியிருந்தார். கேள்வி சந்தேகத்தைத்தான் தந்தது, முடிவைத் தந்தது ரிக்கார்டு.

இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. 1909-ல் மைசூர் ஷாமசாஸ்திரி அச்சில் கொண்டுவந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், நான்காம் அதிகரணத்தில் இந்த முறை இருக்கிறது. பிடிபட்டவனிடம் தேசம், குலம், பெயர், தொழில், சொத்து, நண்பர்கள், வசிக்கும் இடம் எல்லாம் கேட்டு, அவற்றை மற்றவர்கள் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். பிறகு முந்தின நாள் என்ன செய்தான், இரவு எங்கே தங்கினான் என்று விசாரிக்க வேண்டும். இன்று ஆல்டர்ட் வ்ரை போன்ற ஆராய்ச்சியாளர்கள், எதிர்பாராத கேள்வியைக் கேள், சரிபார்க்கக்கூடிய விவரத்தைக் கேள் என்று சொல்வதும் இதையேதான். ஒத்திகை பார்த்து வந்த கதைக்கு ஓரம் உண்டு. அந்த ஓரத்துக்கு வெளியே கேட்க வேண்டும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. சாந்தோக்ய உபநிஷத்தில் ஸத்யகாம ஜாபாலன் கதை எல்லோருக்கும் தெரியும். கௌதமர் கோத்திரம் என்ன என்று கேட்கிறார். தாயாருக்கே தெரியவில்லை என்று அவள் சொன்னதை அப்படியே சொல்கிறான் பையன். ஏதோ ஒரு கோத்திரத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். தனக்குப் பாதகமாக முடியக்கூடியதை ஒருவன் தானாகச் சொன்னால் அதற்குக் கனம் அதிகம். கோர்ட்டுகளும் இதை ஒத்துக்கொள்கின்றன. ஆகவே ஒரு பேச்சைக் கேட்டால், இது பொய்யாக இருந்தால் இவருக்கு என்ன லாபம் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

2002-ல் ஓர் அமெரிக்க ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம், "கடைசியாக நீங்கள் பிடித்த பொய்யை எப்படிப் பிடித்தீர்கள்?" என்று விசாரித்தார்கள். பெரும்பாலோர் பிறர் சொல்லியோ, ஏதாவது தடயத்தாலோ, சொன்னவரே பிறகு ஒப்புக்கொண்டதாலோதான் தெரிந்துகொண்டிருந்தார்கள். பேசும்போதே பேச்சையும் முகத்தையும் மட்டும் வைத்துப் பிடித்தவர்கள் 100-க்கு 2 பேர்கூட இல்லை. "கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு" என்று நம்மவர்கள் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள்! பொய் வெளிப்படுவதற்கு அந்த எட்டு நாள் வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று நம் வயதுக்காரர்களைச் சூறையாடும் டெலிபோன் மோசடி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிடும். சரிபார்ப்பதுதான் பொய்க்கு ஒரே மருந்து. அதனால் சரிபார்க்க விடாமல் செய்வதுதான் மோசக்காரனின் முதல் காரியம். "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வீடியோ காலில் யூனிபாரம் போட்டவன் வருவான். உங்கள் பெயரில் பார்சலில் போதை மருந்து வந்திருக்கிறது, ஆதார் எண் மோசடியில் மாட்டியிருக்கிறது என்பான். போனை வைக்கக் கூடாது, மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது, இன்றைக்குள் பணத்தைச் "சோதனைக்கு" அனுப்ப வேண்டும் என்பான். அவசரம் எட்டு நாளை எட்டு நிமிஷமாக்குகிறது. ரகசியம் சாட்சிகளை அப்புறப்படுத்துகிறது.

சர்க்காரில் வேலை பார்த்த நமக்கு இதில் அபாயம் கொஞ்சம் ஜாஸ்தி. முத்திரையும் கோப்பு எண்ணும் போட்ட காகிதத்துக்குக் கீழ்ப்படிந்தே பழகிவிட்டோம். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு காகிதம் வந்தால் கை தானாக நடுங்குகிறது. 2024 அக்டோபரில் பிரதமர் மன் கீ பாத் உரையில், டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்று விளக்கினார். 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், தன் பெயரிலேயே போலி உத்தரவு காட்டி வயோதிகத் தம்பதியை ஏமாற்றியதைப் பார்த்துத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. விசாரணைக்காக உங்கள் சேமிப்பை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் இலாகா இந்த தேசத்தில் இல்லை.

காரியதரிசி கேட்ட நாலு வழிகள் இவை.

1. உடனே சந்தேகத்தைக் காட்டாமல் பேச விடுங்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். பொய் எவ்வளவு நீளுகிறதோ, சரிபார்க்க அவ்வளவு விவரம் கிடைக்கும்.

2. கதைக்கு வெளியே ஒரு கேள்வி கேளுங்கள். வரன் விஷயத்தில் "பையன் எந்தக் கம்பெனி?" என்பதற்குப் பதில் தயாராக இருக்கும். "ஆபீஸுக்கு எப்படிப் போகிறான்? எந்த டீம்? மேலதிகாரி எந்த ஊரில்?" என்று சகஜமாகக் கேளுங்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்ற காலம் மலையேறிவிட்டது. பிறகு கோர்ட் வாசலில் நிற்பது நம் குழந்தைகள்.

3. உங்கள் வழியாகச் சரிபாருங்கள், அவர்கள் தரும் வழியாக அல்ல. பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்னால் போனை வைத்துவிட்டு, கார்டின் பின்புறத்தில் இருக்கும் நம்பரைக் கூப்பிடுங்கள். பேரன் விபத்தில் மாட்டிக்கொண்டதாக அவன் குரலிலேயே அழுகை கேட்டாலும், அவனுடைய வழக்கமான நம்பரில் கூப்பிடுங்கள். இன்று கம்ப்யூட்டர் எவர் குரலையும் காப்பியடிக்கும். குடும்பத்துக்குள் ஒரு அடையாள வார்த்தை வைத்துக்கொள்வது உத்தமம்.

4. "இப்பவே", "யாரிடமும் சொல்லாதே" என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். துண்டித்துவிட்டு இன்னொரு மனிதரிடம் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு.

பேசி முடித்ததும் ஒரு மாமி எழுந்து, "நீங்க சொல்றதைப் பார்த்தா ஆத்து மனுஷாளைக்கூட விசாரிக்கணும் போலிருக்கே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். எல்லாவற்றையும் சந்தேகித்தால் வீடு ஆபீஸாகிவிடும். பணம், கல்யாணம், இன்னொருவர் மேல் பழி, இந்த மூன்றும் வரும் இடத்தில் மட்டும் சரிபார்த்தால் போதும்.

ஆத்துக்குள் நாம் கட்டாயம் கண்டுபிடிக்க வேண்டிய பொய் ஒன்று உண்டு. மும்பையிலும் புனேயிலும் டெல்லியிலும் வெளிதேசத்திலும் இருக்கும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை போனில் "எப்படி இருக்கேள்?" என்று கேட்கிறார்கள். "நன்னா இருக்கோம், கவலைப்படாதே" என்கிறோம். நம்மில் பாதிப் பேர் சொல்லும் பொய் அது. இந்த இதழைப் படிக்கும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் குரலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மருந்துச் சீட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள், முடிந்தபோது சொல்லாமல் வந்து நில்லுங்கள். சரிபார்ப்பது என்பது அவநம்பிக்கை மட்டும் இல்லை, சில இடத்தில் அதற்கு அக்கறை என்று பெயர்.