இறுதி நாளில் யார் சொல் செல்லும்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் சாவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். திருமணத்திற்கு நாள் குறிக்கிறோம். பிள்ளைகளுக்குச் சொத்து எழுதி வைக்கிறோம். இறுதி நோயில் நமக்கு எது செய்யலாம், எது செய்யலாகாது என்பதை மட்டும் வாய் திறந்து சொல்வதில்லை. நாம் சொல்லாதபோது பிறர் முடிவு செய்கின்றனர். அந்தப் பிறர் யார் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தாமஸ் மாஸ்டர் என்னும் முதியவர், நிறைவாக வாழ்ந்துவிட்டேன், இனி என் உயிரை நானே முடித்துக்கொள்ள இசைவு தாருங்கள் என்று கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அதை மறுத்தது. மருத்துவரே மருந்து கொடுத்து உயிரை முடிப்பதை நெதர்லாந்து நாடு 2002 முதல் சட்டப்படி ஏற்றிருக்கிறது. நம் நாட்டில் இன்றும் அது குற்றமே. பயனற்ற கருவிகளை நிறுத்தி, இயற்கையாக வரும் இறப்பைத் தடுக்காமல் இருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் படித்தவர்களிலும் உண்டு.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் கொடுமையாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி அவருக்காக உச்ச நீதிமன்றம் சென்றார். ஆனால் ஆண்டுக்கணக்காக அவரைப் பேணிய மருத்துவமனையினர், அவர் வாழட்டும் என்றனர். 2011 மார்ச்சில் நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. எனினும் கடும் கட்டுப்பாடுகளுடன் சிகிச்சையை நிறுத்தலாம் என்னும் வழியையும் திறந்தது. அருணா 2015-இல் நிமோனியாவால் இறந்தார். இரு தரப்பும் அன்பினால் பேசியவையே. ஆயினும் அருணாவின் விருப்பம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. இளம் வயதில் யார்தான் எழுதி வைப்பார்?

மாண்புடன் இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கூறியது. 'லிவிங் வில்' என்னும் முன்விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. அன்று அதற்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அது எளிதாக்கப்பட்டது. வயது வந்த, தெளிந்த மனமுள்ள எவரும் தம் விருப்பப்படி எழுதலாம். இரு சாட்சிகள் வேண்டும். நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் சான்றொப்பம் வேண்டும். நமக்காகப் பேசவேண்டிய உறவினர் பெயர்கள் அதில் இருக்கவேண்டும். ஒரு படி பஞ்சாயத்து அல்லது நகராட்சியிடம் சேரவேண்டும். எழுதியதை எப்போது வேண்டுமாயினும் மாற்றலாம். நோயாளி பேச முடியாத நிலையிலும், மீட்சியில்லை என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துக் கண்டு கூறினால்தான் அது நடைமுறைக்கு வரும். ஆகவே தாள் ஒன்றைக் காட்டி யாரையும் கொன்றுவிட முடியாது.

இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்போருக்கு, மலைக்கு அப்பால் நம் முன்னோர் ஊர்ப்பக்கமே விடை இருக்கிறது. விருதுநகர் மாவட்டப் பகுதிகளில் முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, நோய்வரச் செய்து முடிக்கும் 'தலைக்கூத்தல்' என்னும் கொடுமை 2010-இல் நாடறியச் செய்தியாயிற்று. பாட்டி துன்பப்படக்கூடாது என்று சொல்லிச் செய்வர். பாட்டியைக் கேட்டவர் இல்லை. கருணை என்னும் சொல்லைப் பிறர் நம்மீது பயன்படுத்தும்போது அஞ்சத்தான் வேண்டும்.

இனி நம் எல்லைப்புறத்தைப் பாருங்கள். தேவிகுளம், பீருமேடு மலைகளிலிருந்து நோயாளியைக் கோட்டயத்திற்கோ தேனிக்கோ கொண்டு செல்கிறோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காடோ கோவையோ போகின்றனர். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். மகன் திருப்பூரில்; மருமகளுக்கு மலையாளம் எழுதத் தெரியாது. நீட்டிய தாளில் கைநாட்டு வைக்கிறோம். கையிலுள்ள பணம் தீர்ந்த அன்று வீட்டுக்கு அழைத்துப்போகிறோம். அதைக் குடும்பத்தின் முடிவு என்று ஏட்டில் எழுதுகின்றனர். அது முடிவன்று, வறுமை. மாண்புடன் இறக்கும் உரிமை பணமுள்ளவருக்கு ஒருவகை, இல்லாதவருக்கு வேறுவகை என்று ஆகிவிடலாகாது.

இந்த இடத்தில் கேரளத்திற்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் அவர்தம் தோழர்களும் தொடங்கிய வலிதணிப்புப் பணி இன்று ஊர்தோறும் கிளைத்திருக்கிறது. 2008-இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. பஞ்சாயத்துச் செவிலியர் வீடு தேடி வந்து புண்ணைக் கழுவுகிறார். மருத்துவர் எழுதித்தரும் மார்ஃபின் தாங்கொணா வலியை அடக்குகிறது. "என்னை முடித்துவிடுங்கள்" என்று கதறுபவரிடம் முதலில் கேட்கவேண்டியது, வலிக்கு மருந்து கிடைத்ததா என்பதே. வலி அடங்கிய பின் அந்தக் கதறல் ஓய்வதும் உண்டு. ஓயாவிடின் அதற்கும் செவிகொடுக்க வேண்டும்.

சிறுபான்மைத் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. எனினும் நள்ளிரவில் பணியிலிருக்கும் மருத்துவருக்குப் புரிய மலையாளமும் வேண்டும். எனவே சங்கத்தாரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரு மொழியும் எழுதத் தெரிந்த இளைஞர் சிலர் மாதம் ஒரு ஞாயிறு படிப்பகத்தில் அமரட்டும். முதியோர் தம் வாயால் சொல்வதை, பிள்ளைகள் குறுக்கிடாமல், இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் மலையாளத்திலும் எழுதித் தரட்டும். கருவிகள் அனைத்தும் வேண்டும் என்று ஒரு பாட்டி சொன்னால் அதையும் அப்படியே எழுதட்டும். நோட்டரிச் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்க இயலுமா என்பதைச் செயலாளர் அவர்கள் அடுத்த கூட்டத்தில் வைக்கவேண்டுகிறேன்.