கருவியைத் தொடும் உரிமை

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உயர்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் திரை வழியாக அறிவியல் சோதனை சொல்லிக் கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நிலம் இருக்கு, வன்கொடுமை இருக்கு, இடஒதுக்கீடு இருக்கு, இந்த நேரத்தில் இது எதுக்கு என்று ஒரு தோழர் கேட்டதாகவும் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். நான் இருபத்தேழு வருசம் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நூற்றுக்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. ப்ளஸ் டூ இயற்பியலில் 20. இந்த மதிப்பெண்ணைக் கருவியைத் தொடாமலே வாங்கிவிடலாம். 'ஆய்வகம்' என்று போர்டு மாட்டிய அறை பூட்டிக் கிடக்கும். உள்ளே பீரோ, அதற்கும் ஒரு பூட்டு. ரெக்கார்டு நோட்டில் போன வருசத்து அண்ணனைப் பார்த்துப் படம் வரைந்து, அளவுகளையும் அப்படியே எழுதிக் கொடுத்தால் மார்க் விழும். யாருக்கும் குறை இல்லை. அப்புறம் நம்ம பிள்ளை பொறியியல் கல்லூரிக்குப் போகும். முதல் வாரத்திலேயே கையில் திருகு அளவியைக் கொடுப்பார்கள். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கும். பக்கத்திலிருப்பவன் சிரிப்பான். 'கோட்டா' என்பான். தகுதி, திறமை என்று இவர்கள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சாட்சி தயாராவது அந்தப் பூட்டிய பீரோவுக்குள்ளேதான். அதனால்தான் தோழர், இதுவும் இடஒதுக்கீட்டுப் பிரச்சினைதான்.

ஆய்வகம் என்பது தொடுகிற இடம். நம்மைத் தொடக்கூடாதவர்கள் என்று வைத்த சமூகத்தில் அது சாதாரண இடம் இல்லை. அம்பேத்கர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போடக் கூப்பிடுகிறார். சாதி இந்து மாணவர்கள் கூச்சல் போட்டு ஓடுகிறார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருக்கின்றன, தீட்டாகிவிடும் என்று. இன்றைக்கு அப்படிக் கூச்சல் போட மாட்டார்கள். நாசூக்காக நடக்கும். ஆறு பேருக்கு ஒரு கருவி. அளவெடுப்பது யார், நோட்டில் குறிப்பது யார், கடைசியில் பியூரெட்டையும் குடுவையையும் கழுவி வைப்பது யார்? யாரும் உத்தரவு போடுவதில்லை. ஆனால் எந்தக் கை எங்கே போகும் என்பது ஊருக்கும் சேரிக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி தன்னாலே நடக்கும். வகுப்புக்கு வகுப்பு இதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் சிமுலேஷன் வருகிறது. மெய்நிகர் ஆய்வகம் என்றும் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் என்கிற இயற்பியலாளர், 2001இல் நோபல் பரிசு பெற்றவர், 2002இல் 'பெட்' என்று ஒரு திட்டம் தொடங்கினார். காசு கிடையாது. திரையில் ஒரு பாட்டரி, ஒரு பல்பு, கொஞ்சம் வயர். மவுஸால் இழுத்து ஒட்டினால் பல்பு எரியும். வயருக்குள்ளே எலெக்ட்ரான்கள் நீலக் குண்டுமணிகளாக நகர்வதும் தெரியும். இன்னொரு பல்பைத் தொடராகச் சேர்த்தால் மணிகள் மெதுவாகப் போகும், வெளிச்சம் மங்கும். பக்கச் சுற்றாக மாட்டினால் மங்காது. குறுக்குச் சுற்றுப் போட்டால் பாட்டரி தீப்பிடித்து எரிகிற மாதிரி காட்டும். யாரும் திட்ட மாட்டார்கள், எதுவும் உடையாது, "நீ தள்ளி நில்லு" என்று சொல்லவும் ஆளில்லை. நூறு தடவை தப்பாகப் போடலாம். நம்ம பிள்ளைகளுக்கு எந்த ஆய்வகமும் தராத சலுகை இது. தப்புப் பண்ணுவதற்கான உரிமை!

அதே பல்கலைக்கழகத்தில் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதிக்கு நிஜ பல்பும் வயரும் மீட்டரும், இன்னொரு பகுதிக்குத் திரை மட்டும். பிறகு இரண்டு பேரையும் நிஜச் சுற்று ஒன்றை அமைத்து அதை விளக்கச் சொன்னார்கள். திரையில் படித்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைப் பார்த்துவிட்டவர்களுக்கு வயர் எங்கே போகவேண்டும் என்று புரிந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் சிலருக்கு சந்தோசம் வரும். நம்ம அதிகாரிகளுக்கு ரொம்ப வரும். "பார்த்தீங்களா, ஆய்வகமே வேண்டாம், கம்ப்யூட்டர் போதும்" என்பார்கள். இங்கேதான் நாம் உசாராக இருக்கணும். அந்த ஆய்வு ஒரே ஒரு பாடத்தில், மின்சுற்றில், பல்கலைக்கழக வசதிகளுக்கு நடுவே இருந்த இளைஞர்களிடம் செய்தது. அவர்கள் வீட்டில் பிளக்கும் சுவிட்சும் பிறந்ததிலிருந்து இருக்கிறது. திரையில் பியூரெட் சொட்டாது, ஒழுகாது. எழுதியவர் பிழை வைத்தாலொழிய திரையில் இருக்கும் வெர்னியர் அளவியில் சுழிப்பிழை வராது. கை நடுங்காது. நிஜத்தில் நடுங்கும். அந்த நடுக்கம் போகத்தானே பழக்கமே.

எங்கள் தெரு மாலை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 2011லிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப் இரண்டு, தெருவில் படித்து முடித்த பிள்ளைகளுடையது. கொஞ்சம் திணறும், ஆனால் ஓடும். ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி அரை மணி நேரம் பல்புகளை மாட்டி மாட்டிப் பார்த்துவிட்டு, "சார், நெசத்துல இந்த பல்பு சுடுமா?" என்று கேட்டாள். திரையில் சுடாது. மறுநாள் டார்ச் பல்பும் செல்லும் வாங்கி வந்தோம். தெருவிலே கரண்ட் வேலை பார்க்கிற ஒருவரைக் கூப்பிட்டோம், பத்தாவது தாண்டாதவர். வயரின் தோலை எப்படி உரிப்பது, இணைப்பை எப்படி முறுக்குவது என்று அவர் காட்டினார். மின்தடையின் சூத்திரம் அவருக்குத் தெரியாது. ஆனால் மெல்லிய வயரில் அதிக லோடு கொடுத்தால் ஏன் சூடாகும் என்பதை அவர் சொன்ன மாதிரி நான் இருபத்தேழு வருசத்தில் சொன்னதில்லை. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். திரையில் மணிகள் வேகமாகப் போவது, கையில் வயர் சுடுவது.

ஒலிப் பாடமும் இப்படித்தான். திரையில் கயிற்றின் இழுவிசையைக் கூட்டினால் அலை வேகமாக ஓடும். பறையைத் தீயில் காய்ச்சினால் ஏன் சுதி ஏறுகிறது, மழைநாளில் ஏன் இறங்குகிறது என்பதற்குப் பதில் அதே இழுவிசையில்தான் இருக்கிறது. (பறையைக் கைவிடணும் என்கிற தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். அந்த விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை.)

சரி, அரசு ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. 2018லிருந்து வந்த புதிய பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்று ஒரு பகுதி வைத்து, க்யூ.ஆர். குறியீடும் போட்டு, இந்த பெட் சோதனைகளுக்கே வழி காட்டியிருக்கிறார்கள். ஆறாயிரம் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மேல் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் அந்தக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் தேர்வு வைக்கத்தான் ஓடுகின்றன, சோதனைக்கு இல்லை. 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் திட்டத்தைத் திருச்சியில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலே தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். கருவி விருந்தாளி மாதிரி வந்து போகும். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே, செய்முறை மார்க் எண்ணப்படுகிற இடத்தில், பழைய பீரோதான்.

அடுத்தது கூட்டாண்மை. இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிற வார்த்தை. கம்பெனி, தொண்டு நிறுவனம், கல்லூரி, அரசு எல்லாம் கைகோத்துப் பள்ளியை முன்னேற்றுவார்களாம். நமக்கு இது புதுசு இல்லை. மிஷன் பள்ளிகள் கூட்டாண்மைதான். 1894இல் சென்னையில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி கூட்டாண்மைதான். 1920களில் அன்றைய தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளின் தொடர்ச்சிதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். அந்தப் பள்ளிகளால் நாம் எழுத்தறிந்தோம், மறுக்கவில்லை. என்ன படிக்கணும், எதுவரைக்கும் படிக்கணும் என்பதைத் தீர்மானித்தது மட்டும் எப்போதும் கொடுத்தவர் கை.

2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கவேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டக் கடமை. ஆனால் பள்ளிக்கு வரும்போது தானமாக மாறிவிடுகிறது. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றுக்கு ஒரு நிறுவனம் முப்பரிமாணக் கண்ணாடிகளோடு வந்தது. பிள்ளைகள் மாட்டிக்கொண்டு இதயத்துக்குள்ளே போய் வந்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். ஓராண்டில் உரிமம் முடிந்தது, புதுப்பிக்க ஆளில்லை. கண்ணாடிகள் பீரோவுக்குப் போயின. பெயர்ப்பலகை மட்டும் சுவரில் இருக்கிறது.

மத்திய அரசின் அடல் ஆய்வகத் திட்டம் 2016இல் வந்தது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை. கேட்க நன்றாக இருக்கிறது. அப்போது போட்ட விதியைப் படித்தால், சமவெளிப் பள்ளி 1500 சதுர அடிக் கட்டடம் காட்டவேண்டியிருந்தது. வகுப்பறை இல்லாமல் மரத்தடியில் உட்காரும் பள்ளிக்கு எங்கிருந்து 1500 சதுர அடி? இருப்பவனுக்கே இன்னும் கொடுக்கிற கதை.

அதனால் என் கருத்து இது: முதல் பணம் உரிமைப் பணமாக இருக்கணும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் தமிழ்நாட்டில் நிறைவேறியிருக்கிறது. துணைத் திட்டப் பணம் வேறு காரியங்களுக்குத் திருப்பப்படுகிறது என்பது நம் இயக்கங்களின் பழைய புகார். அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் நலப் பள்ளிகளிலும், எங்கள் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கிற பள்ளிகளிலும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆய்வகமும் அதற்கு ஓர் உதவியாளரும் வேண்டும் என்று கேட்கவேண்டும். திரை அதோடு கூட. திரையை வாங்கிக்கொண்டு ஆய்வகத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டும் இருக்கிறது. நம்ம பிள்ளைக்கு மட்டும் படம் போதுமாம்! தண்ணீரைத் தூக்கி ஊற்றின மாதிரி அறிவியலையும் தூரத்திலிருந்து ஊற்றப் பார்க்கிறார்கள்.

இதற்குப் பிறகு யார் கூட்டாளியாக வந்தாலும் வரட்டும். கட்டணம் கேட்கிற மென்பொருள் வேண்டாம், இலவசமாகவும் இணையம் இல்லாமலும் ஓடுவது வேண்டும். பழுதானால் பார்ப்பது யார் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பெற்றோர் உட்கார்ந்திருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் கணக்கு வைக்கவேண்டும். அதைவிட, கூட்டாளிகளை நாமே தேடலாம். பக்கத்து அரசுக் கல்லூரியின் இயற்பியல், வேதியியல் ஆய்வகங்கள் சனிக்கிழமைகளில் சும்மா கிடக்கின்றன. இங்கே உட்கார்ந்திருக்கிற எம்.எஸ்ஸி. மாணவர்கள் துறைத் தலைவரிடம் போய்க் கேட்கலாம். மாதம் ஒரு சனிக்கிழமை பத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் போதும். போகுமுன் அந்தச் சோதனையைத் திரையில் நாலு தடவை செய்துவிட்டுப் போகட்டும். உள்ளே நுழையும்போது மிரண்டு நிற்க மாட்டார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பெட் சோதனைகளில் சில தமிழில் இருக்கின்றன, எல்லாம் வரவில்லை. மொழிபெயர்ப்பது உலகம் பூராவும் தன்னார்வலர்கள்தான். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு சோதனையில் இருப்பது கொஞ்சம் சொற்கள், ஒரு ராத்திரி வேலை. பாடநூலில் இருக்கிற சொல்லையே போடுங்கள். தேர்வுத்தாளில் வருவது அதுதான். 'மின்தடை' என்று புத்தகத்தில் இருக்கும்போது புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துப் பிள்ளையைக் குழப்பவேண்டாம்.

நான் கொண்டுவந்திருக்கிற பென் டிரைவில் மின்சுற்று, அலை, அமில-காரம், ஊசல் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு, நெட் வேண்டாம், பிரவுசர் புதுசாக இருந்தால் போதும். சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் வாங்க, ஏற்றிக்கொள்ளலாம். மொழிபெயர்க்க வருகிறவர்கள் பெயரும், எந்தக் கல்லூரி என்பதும் அந்தத் தங்கையிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.