எலி சொல்லும் நியாயம்



ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரே சோறு, ஒரே பாய், ஒரே காய்ச்சல். ஒரு பிள்ளை மூன்றாம் நாள் விளையாடப் போய்விடும். மற்றது வைத்தியசாலையில் ஒட்சிசனுடன் கிடக்கும். அந்த நேரத்தில் விறாந்தையில் ஒரு பேச்சு எழும்: "தாய் ஒழுங்காக் கவனிக்கேல்லை." வைத்தியர்களாகிய நாங்கள் அதை அடிக்கடி கேட்கிறோம். அதற்கான பதிலில் ஒரு பங்கை எலிகள் தந்திருக்கின்றன.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் லிண்டன்மான், 1957இல் இலண்டனில் அலிக் ஐசாக்சுடன் சேர்ந்து இன்ரபெரோனைக் கண்டறிந்தவர். வைரசு தொற்றிய கலம் அயற்கலங்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை அது. 1962இல் அவர் இன்னொன்றை அறிவித்தார். மற்ற ஆய்வுகூட எலிகளைக் கொல்லும் அளவு இன்புளுவென்சா வைரசைக் கொடுத்தும், 'ஏ2ஜி' என்ற இனத்து எலிகள் பிழைத்துக்கொண்டன. இனங்களைக் கலந்து பார்த்தபோது, காரணம் ஒரேயொரு பரம்பரையலகு என்று தெரிந்தது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே அது போதும். அதற்கு 'எம்எக்ஸ்' என்று பெயர்.

இன்ரபெரோன் வந்து சேர்ந்ததும் இந்தப் பரம்பரையலகு ஒரு புரதத்தை ஆக்குவிக்கிறது. அப்புரதம் கலத்தின் கருவுக்குள் நின்று இன்புளுவென்சா வைரசு பெருகுவதைத் தடுக்கிறது. இன்ரபெரோனை மறித்துவிட்டால் ஏ2ஜி எலியும் தப்புவதில்லை. பெரும்பாலான ஆய்வுகூட எலியினங்களில் இந்தப் பரம்பரையலகு பழுதாகிவிட்டது. அங்கே எச்சரிக்கை மணி அடிக்கும். ஓடிவரக் காவலாளி இல்லை.

அப்படியென்றால் ஏ2ஜி எலி பலசாலியா? இல்லை. வேறு பல வைரசுகளுக்கு முன்னால் இந்தக் காவல் பயன்படுவதில்லை. ஆகவே "பலமான உடம்பு", "நோஞ்சான் உடம்பு" என்று நாம் பொதுவாகப் பிரிப்பது சரியல்ல.

மனிதரில் ஒரு பரம்பரையலகோடு கதை முடிவதில்லை. 2020இல் கொவிட் கடுமையாகத் தாக்கிய 987 பேரைப் பரிசோதித்த ஓர் ஆய்வில், 101 பேரின் இரத்தத்தில் தம் சொந்த இன்ரபெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தன. அதை அவர்களின் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இதனால் எல்லாம் விதி என்று நாம் கைவிரிக்க வேண்டியதில்லை. யாருடைய காவலில் ஓட்டை இருக்கிறது என்று வெளியே தெரியாதபடியால்தான் தடுப்பூசி எல்லோருக்கும் வேண்டும்; மூச்சு வாங்கினால் உடனே வைத்தியசாலைக்கு வரவும் வேண்டும்.

நம்மில் பலர் தாய்மார், ஆசிரியைகள், மாமிமார். நோயாளியின் கட்டிலருகே அந்தப் பழிப்பேச்சு எழும்போது, அதை நிறுத்த நாம் ஒரு வார்த்தை சொல்லலாம். பிள்ளைக்காகக் கண்விழித்திருக்கும் தாய்க்கு அதுவே பெரிய ஆறுதல்.