அறுவை மருத்துவமும் பதிவேடும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மாணவர் எத்தனை பேர் சேர்ந்தனர் என்று மட்டும் எழுதி வைத்து, எத்தனை பேர் தேறினர் என்று எழுதாத பள்ளியை நாம் நல்ல பள்ளி என்போமா? ஆயின், மருத்துவமனையிடம் நாம் அக்கேள்வியைக் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஆயிரம் அறுவைகள் நடந்தன என்றால் வியக்கிறோம். அவ்வாயிரவருள் நலமுற்று உழைக்கச் சென்றவர் எத்தனை பேர்? புண்ணில் சீழ் வைத்து மீண்டும் வந்தவர் எத்தனை பேர்? உயிர் துறந்தவர் எத்தனை பேர்? இதற்கு விடை கூற வல்லது மருத்துவரின் புகழன்று, பதிவேடே.

இவ்வுண்மையை அஞ்சாது உரைத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்தும் தேடிக் கண்டு, பயன் விளைந்ததா, இல்லையேல் ஏன் விளையவில்லை என்று அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்றார். தாம் பணியாற்றிய மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை, திறமையை நோக்காது பணிமூப்பை நோக்கி உயர்வளித்ததை எதிர்த்து 1914இல் விலகினார். தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் தம் கொள்கையைத் தம் மீதே சோதித்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வெளியேறிய நோயாளர் 337 பேர். நேர்ந்த பிழைகள் 123 என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். அறியாமையால் நேர்ந்தது எது, கவனக்குறைவால் நேர்ந்தது எது, எவராலும் வெல்ல முடியாத நோயின் கடுமையால் நேர்ந்தது எது என்று வகைப்படுத்தினார்.

1918இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, 100 படுக்கைகளும் அதற்கு மேலும் உடைய 692 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் முறையான பதிவேடு வேண்டும் என்பது அடிப்படை விதிகளுள் ஒன்று. தேறியவை 89 மட்டுமே! பட்டியல் நாளிதழ்களின் கைக்குச் செல்லாதிருக்க அதனைத் தீயிலிட்டனர்.

இறப்பை மட்டும் எண்ணினால் போதுமா? போதாது. கடும் நோயாளரை ஏற்கும் மருத்துவமனைக்கு அக்கணக்குப் பழியாகும். பழிக்கு அஞ்சும் மருத்துவர் யாரைத் திருப்பி அனுப்புவார்? உடல் மெலிந்து, நோய் முற்றியபின் வந்து சேரும் ஏழையைத்தான்! ஆதலின் கணக்கு நேர்மையாக இருத்தல் வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் இதற்கு வழி கண்டன. 1991இல் 44 மருத்துவமனைகளில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் ஒவ்வொருவரின் வயது, பிற நோய்கள், அறுவைக்கு முந்திய உடல்நிலை, பிந்திய 30 நாள் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைக் குறித்தனர். அவற்றைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க இறப்பைக் கணித்து, நேர்ந்த இறப்போடு ஒப்பிட்டனர். எதிர்பார்த்தது 10, நேர்ந்தது 15 எனில், அங்கே குறையைத் தேட வேண்டும். நேர்ந்தது 5 எனில், அங்கே சென்று கற்க வேண்டும்.

நம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று கூறுவேன். என் தாயாருக்கு வயிற்றில் அறுவை நடந்தது. சில திங்களில் வலி மீண்டது. வேறு மருத்துவரிடம் சென்றோம். "முன்பு என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். எங்களிடம் விடையும் இல்லை; ஒரு துண்டுத் தாளும் இல்லை. முதல் மருத்துவமனையின் ஏட்டிலோ அம்மையார் நலமுற்றவராகவே இருந்திருப்பார். வலி மீண்ட செய்தியை நாங்கள் அங்கே தெரிவிக்கவே இல்லையே!

இளைஞர்களே! இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை மருத்துவர் 3 ஆண்டுகள் காத்தல் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தருதல் வேண்டும். இது சலுகையன்று, உரிமை. வீடு திரும்பும்போது தரும் 'டிஸ்சார்ஜ் சம்மரி'யைக் கேட்டு வாங்குங்கள். எழுதப் படிக்க அறியாத முதியோருக்குப் படித்துக் காட்டுங்கள். குடும்ப அட்டையோடு சேர்த்துக் காத்து வையுங்கள். புண் வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ, அறுவை செய்த இடத்திற்கே அத்தாளோடு சென்று, அச்செய்தி ஏட்டில் ஏறுமாறு செய்யுங்கள். உங்களுள் செவிலியராகவும் மருத்துவராகவும் வரவிருப்போர், தம் பிழையையும் தம் கையாலேயே எழுதும் துணிவு பெறுங்கள்.

எழுத்தறிவு நமக்கு வேலை தந்தது, மதிப்பும் தந்தது. அது நம் உயிரையும் காக்கட்டும்.