முதலில் வேலை, பிறகு மென்பொருள்

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலர் கேட்பது, "ஃபோட்டோஷாப் போட்டுத் தர முடியுமா?" என்றுதான்.

1990-ல் வெளிவந்த ஃபோட்டோஷாப், படம் திருத்துவதையே தொழிலாகச் செய்பவர்களுக்கான கருவி. இன்று அதற்குச் சந்தா கட்ட வேண்டும். புதிதாக மவுஸ் பிடிப்பவருக்கு என்ன வேலை? சாய்ந்த படத்தை நேராக்க வேண்டும். ஓரத்தை வெட்ட வேண்டும். இருட்டாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்ட வேண்டும். பெரும்பாலும் இவ்வளவுதான்.

இதற்கு விண்டோஸிலேயே 'ஃபோட்டோஸ்' என்ற செயலி இருக்கிறது. தனிச் செலவில்லை.

இன்னொரு தேவையும் வரும். பேத்தியின் விண்ணப்பத்துக்குப் படம் ஏற்றுகிறார் ஒரு தாத்தா. படம் பெரிதாக இருக்கிறது என்று இணையதளம் ஏற்க மறுக்கிறது. அவருக்கு இர்ஃபான்வியூ என்ற மென்பொருள் போதும். இர்ஃபான் ஸ்கில்யான் என்பவர் 1996-ல் வெளியிட்டது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பழைய கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும். 'இமேஜ்' மெனுவுக்குப் போனால் படத்தின் அளவைக் குறைத்துவிடலாம். தொடங்குபவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

கை பழகியபின் பெயின்ட் டாட் நெட் என்ற படம் திருத்தும் மென்பொருள் பக்கம் போகலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகப் பிறந்தது அது. கிம்ப் இன்னும் வல்லமையானது, அதுவும் இலவசம். ஆனால் அதன் மெனுக்கள் புதியவரை மிரட்டிவிடும். அவசரம் வேண்டாம்.

எதை இறக்கினாலும் அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்க வேண்டும். தேடும்போது மேலே வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம். திருத்திய படத்தை 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். வேறு பெயரில். அப்போது மூலப்படம் அப்படியே இருக்கும்.